அழுகாச்சி கூப்பிட்ட பெயர்

அவளுக்குத் தொழில் அழுவது. இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டு வரட்டும், கதை காத்திருக்கும். அந்தக் காலத்துப் படங்களில் கதாநாயகி ஒருத்தி வாயசைப்பாள், வசனத்தை வேறொருத்தி பேசுவாள். பேசுவதற்குத் தேன் குரல்காரிகள் நான் முந்தி நீ முந்தி என்று நின்றார்கள். ஆனால் அழுகை என்று வந்துவிட்டால் அந்தத் தேனெல்லாம் ஜலதோஷம் பிடித்த மாதிரி ஆகிவிடும். உடனே கண்ணாடி அறையிலிருந்து டைரக்டர் குரல் வரும்: "யாருப்பா அங்க, அந்த அழுகாச்சியக் கூப்பிடு." வாசலில் டீ குடித்துக்கொண்டிருக்கும் இவள் டம்ளரைத் திண்டில் வைத்துவிட்டு உள்ளே போவாள். விதவைக்கு அழுவாள், மகாராணிக்கு அழுவாள், ஏமாந்துபோன கல்யாணப் பெண்ணுக்கு அழுவாள். திரும்பி வரும்போது டீ இன்னும் சூடாகத்தான் இருக்கும்.

அழுகாச்சி என்ற பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. அவளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டைட்டிலில் எந்தப் பெயரும் வரப்போவதில்லை, எப்படிக் கூப்பிட்டால் என்ன.

மைக் முன்னால் நிற்க என்று சில கட்டுப்பாடுகள் இருந்தன. வளையலைக் கழற்றி வைக்க வேண்டும். செருப்பு வெளியே. கஞ்சி போட்ட புடவை சரசரக்கும், அதனால் துவைத்து நைந்த புடவைதான். பசியோடு நின்றால் வயிறு போடும் சத்தத்தையும் மைக் சேர்த்து வாங்கிக்கொள்ளும். வயிறு முட்டத் தின்றுவிட்டு நின்றால் அழுகையின் நடுவில் ஏப்பம் வந்து மானத்தை வாங்கும். அரை வயிறும் வெறுங்காலுமாக இருட்டில் நின்று, திரையில் ஓடும் துண்டுப் படத்தைப் பார்த்து அழ வேண்டும். அந்தத் துண்டின் தலையையும் வாலையும் ஒட்டி வளையமாக்கி ஓட விடுவார்கள், அதற்கு லூப் என்று பெயர். ஒரே முகம் ஒரே அழுகையை அழுது முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து அழும். சத்தம் உதட்டில் போய்ச் சரியாக உட்காரும்வரை அது நிற்காது. உதடு ஒட்டுகிற இடத்தில் ஒரு 'ப'வோ 'ம'வோ விழ வேண்டும். தவறி, திறந்த வாயில் விழுந்துவிட்டால் பார்க்கிறவனுக்கு மொத்தப் படமும் பொய்யாகிவிடும்.

அவள் புருஷன் தையல்காரர். வீட்டின் முன்னறைதான் கடை. பேச்சில் மகா கஞ்சர். 'ம்' என்றால் சரி என்று அர்த்தம், 'ம்ம்' என்றால் யோசிக்கிறார், ஒன்றும் சொல்லாமல் மிஷினை மிதிக்க ஆரம்பித்தால் முடியாது என்று அர்த்தம். இதை வைத்துக்கொண்டுதான் அவள் குடித்தனம் நடத்தினாள்.

அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது கொடுக்க ஒரு நல்ல பெயர் வைத்திருந்தார்கள், அந்தப் பெயருக்கு வேலை வரவேயில்லை. குழந்தை எப்போது பார்த்தாலும் மிஷினுக்கு அடியில் உட்கார்ந்து, வெட்டிப் போட்ட துணியைச் சுருட்டி, நூலைச் சுற்றி, பொம்மை என்று தான் நினைத்த ஏதோ ஒன்றைச் செய்துகொண்டிருக்கும். தையல்காரர் அவளுக்குப் பொம்மு என்று பெயர் வைத்தார். மற்ற எல்லாச் சொல்லையும் முடிந்து வைத்துக்கொண்ட மனுஷன், இந்த ஒரு சொல்லை மட்டும் நாளெல்லாம் வாரி இறைத்தார். கத்தரிக்கோலை எடுத்துக் கொடுக்கப் பொம்மு, சாப்பிட வரப் பொம்மு, ஒன்றுமே இல்லாவிட்டாலும் சும்மா ஒரு பொம்மு. ஒவ்வொரு தடவையும் அவள் தலையை வெளியே நீட்டிப் பார்ப்பாள்.

நாலு வயதில் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல்தான் என்றார்கள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடும்போது இருந்தாள், வீட்டுக்குக் கொண்டுவரும்போது இல்லை.

வந்தவர்களெல்லாம் அழுகாச்சியின் முகத்தையே பார்த்தார்கள். ஊருக்கெல்லாம் அழுகிறவள் தன் பிள்ளைக்கு எப்படி அழுவாள் என்று பார்த்தார்கள். இதைச் சொல்லவே கூசுகிறது, ஆனால் மனுஷர்கள் அப்படித்தான். அவள் அழவில்லை. அடிவயிற்றிலிருந்து ஏதோ கிளம்பி வரும். தொண்டைக்கு வந்ததும் அவளுக்கு அடையாளம் தெரிந்துவிடும், இது அந்த விதவைக்கு அழுதது, இது போன மாதம் மகாராணிக்குக் கொடுத்தது என்று. சீ என்று விழுங்கிவிடுவாள். தொழிலில் செலவழித்த எதையும் பிள்ளைமேல் போட அவளுக்கு மனசு ஒப்பவில்லை. கல் நெஞ்சுக்காரி என்று பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டார்கள். தையல்காரர் ஒன்றும் பேசவில்லை, மிஷினையும் மிதிக்கவில்லை.

அதற்கு அடுத்த வருஷம் வந்ததுதான் கார் படம். அதற்கு முறையான பெயர் ஒன்று உண்டு, போஸ்டரில் ஆள் உயரத்துக்கு எழுதியிருந்தார்கள். ஒருத்தரும் அதைச் சொன்னதில்லை. கார் படம் என்றால்தான் இன்றைக்கும் எவனுக்கும் புரியும். வளர்க்க வழியில்லாத ஒரு தாய், தன் ஒரே பெண்ணைப் பிள்ளையில்லாத பணக்கார வீட்டுக்குக் கொடுத்துவிடுகிறாள். கார் வந்து குழந்தையை ஏற்றிக்கொள்கிறது. தாய் வாசலில் மரம் மாதிரி நிற்கிறாள். கூப்பிடக் கூடாது, கூப்பிட்டால் பிள்ளை போகாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறவள், கார் தெருமுனையில் திரும்பப் போகும்போது தாங்க முடியாமல் ஒரே ஒரு தடவை கூப்பிட்டுவிடுகிறாள். காரின் பின்கண்ணாடியில் குழந்தையின் முகம் திரும்புகிறது. அவ்வளவுதான், கார் போய்விடும்.

நடித்தவள் வேறு பாஷைக்காரி. தமிழில் அவளுக்குத் 'தண்ணி', 'போதும்' இரண்டும்தான் தெரியும். காமிராவுக்குப் பின்னால் உதவி டைரக்டர் நின்று வசனத்தை உரக்கப் படிப்பார், அவள் அதைக் காதில் வாங்கி வாயசைப்பாள். அன்றைக்கு எழுதியிருந்த சொல் 'கண்ணே'. கார் கிளம்பிய சத்தத்தில் அவர் படித்தது அவளுக்குக் கேட்கவில்லை. அவளோ அதற்குள் நிஜமாகவே கலங்கிப் போயிருந்தாள். வாய்க்கு வந்த எதையோ கத்திவிட்டுத் தலை குனிந்துவிட்டாள். என்ன கத்தினாய் என்று பிறகு கேட்டால் அவளுக்கே தெரியவில்லை. திரும்ப எடுத்துவிடலாமா என்று காமிராக்காரர் கேட்டதற்கு, "எடுக்கணும்னா என்னைத் தாண்டி எடு" என்றாராம் டைரக்டர். அந்த முகத்தைப் பார்த்தவர்கள் அவர் சொன்னது நியாயம் என்பார்கள்.

எல்லாம் கடைசியில் அழுகாச்சி தலையில் வந்து விடிந்தது. படம் முழுக்க வசனம் பேசியவள் ஒரு தேன் குரல்காரி. இந்த ஒரு கூப்பாடு மட்டும் இவளுக்கு. லூப் ஓடியது. உதடு முதலில் ஒட்டியிருக்கிறது, பிறகு குவிகிறது, மறுபடி அழுத்தமாக ஒட்டுகிறது. அதற்கப்புறம் தலை குனிந்து முடி விழுந்து வாயை மறைத்துவிடுகிறது, கடைசிச் சத்தம் நம் இஷ்டம். 'கண்ணே' எப்படித் தள்ளினாலும் உட்காரவில்லை. 'பாப்பா' போட்டுப் பார்த்தார்கள், குவிந்த வாயில் 'பா' அகலமாகப் போய் விழுந்தது. வசனகர்த்தா ஓடிவந்து 'பூமகளே' என்று ஒன்று கொடுத்தார், டைரக்டர் அவரை டீ குடிக்க அனுப்பிவிட்டார்.

லூப் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருந்தது. கார் போகும், திரும்ப வந்து வாசலில் நிற்கும், திரும்பப் போகும். எத்தனை தடவை போனாலும் பின்கண்ணாடியில் அந்தப் பிஞ்சு முகம் திரும்பிப் பார்க்கும். யாருமே கூப்பிடாமல் அது திரும்பிப் பார்ப்பது அழுகாச்சிக்குப் பொறுக்கவில்லை. அவள் ஒன்றும் யோசிக்கவில்லை. திரையில் உதடு ஒட்டியபோது அவள் உதடும் ஒட்டியது, குவிந்தபோது குவிந்தது.

"பொம்மூ."

இது எந்த விதவைக்கும் கொடுத்ததில்லை, எந்த மகாராணிக்கும் கொடுத்ததில்லை என்பது வெளியே வந்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. ஒரு வருஷமாக விழுங்கி விழுங்கி வைத்ததெல்லாம் அந்த ஒரு சொல்லில் ஏறிக்கொண்டு வந்துவிட்டது. பிறகு டைரக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார்.

"எங்கேருந்தும்மா புடிச்சே அந்த வார்த்தைய?"

"சும்மா வந்துச்சு சார்." அவள் மைக்கை விட்டு ஒரு அடி தள்ளி நின்றாள். "வேற ஒண்ணு போட்டுப் பாக்கலாமா சார்?"

"தொட்டா கைய ஒடிச்சிடுவேன்" என்றார் அவர், அன்பாகத்தான்.

படம் வந்தது. தெருவே திரண்டு போய்ப் பார்த்தது. தையல்காரரிடம் அவள் எதையும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நாளைத் தள்ளிக்கொண்டே வந்தாள். கடைசியில் இரண்டு பேரும் பகல் ஆட்டத்துக்குப் போனார்கள். கார் வாசலுக்கு வந்தபோது அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கூப்பாடு வந்தது. தியேட்டர் முழுக்க விம்மியது. அவர் கையை உருவிக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

வீட்டுக்கு வந்தால் மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தார். ஊசியில் நூல் இல்லை.

"அது நான் வச்ச பேரு" என்றார்.

"தெரியும்ங்க. வேணும்னு செய்யல. அதுவா வந்துடுச்சு."

"போன புள்ளைய எதுக்குக் கூப்பிடுற? கூப்பிட்டா திரும்பிப் பாக்கும். பாத்துக்கிட்டே நிக்கும். போகாது." கல்யாணம் ஆனதிலிருந்து அவர் ஒரே மூச்சில் பேசியதில் இதுதான் அதிகம். "ஒரு தடவைன்னா பரவால்ல. தினம் நாலு ஆட்டம் கூப்பிடுறியே."

அதற்குப் பிறகு அந்தப் பெயர் அந்த வீட்டில் யார் வாயிலும் வரவில்லை. ஆனால் அவர் சொன்னது அவளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அது வெறும் பேச்சு, கோபத்தில் சொன்னது என்று அவள் தனக்குத் தானே எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். பகல் ஆட்டம் நடக்கும் நேரம் வந்தால் அடுப்படியில் கை ஓடாது. வாசற்படியில் ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாக நாலு வயசுக் குழந்தை நின்றுகொண்டிருக்கும். கண்ணால் பார்த்தாள் என்று நான் சொல்லவில்லை. இருப்பது தெரியும், அவ்வளவுதான். நாம் திரும்பாமலே, முதுகுக்குப் பின்னால் யாரோ வந்து நிற்பது நமக்குத் தெரியுமே, அது மாதிரி. உள்ளேயும் வராது, போகவும் போகாது. கழுத்து மட்டும் திரும்பியிருக்கும்.

படம் சீக்கிரம் ஓடி முடிந்துவிடும், ஆட்டம் நின்றால் சரியாகிவிடும் என்று காத்திருந்தாள். அவள் போதாத காலம், அது ஓடிக்கொண்டே இருந்தது. ஓடி முடித்த பிறகும் வேறு ஊர், வேறு தியேட்டர் என்று சுற்றியது. அந்த வருஷம் பிறந்த பெண் குழந்தைகளில் பாதிக்குச் செல்லப் பெயர் பொம்மு. தெருவில் இருட்டத் தொடங்கினால் ஏழெட்டுத் தாய்மார்கள் வாசலுக்கு வாசல் நின்று கூப்பிடுவார்கள். தேன் குரல்காரிக்குப் பரிசு கொடுத்தார்கள். பொம்மு என்பது பொம்மலாட்டம், நாமெல்லாம் விதியின் கைப்பாவைகள் என்று ஒரு பேராசிரியர் எழுதினார். அதை நாலு பேர் மறுத்து வேறு எழுதினார்கள். வெட்டுத் துணிதான் விஷயம் என்று அவர்களிடம் யார் போய்ச் சொல்வது.

இரண்டு வருஷம் கழித்து மகன் பிறந்தான். அவனுக்கு முன்னால் ஒரு பெண் இருந்து போனாள் என்பது அவனுக்குத் தெரியும். அவளை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று தெரியாது. எட்டு வயதில் ஒருநாள் தெருப் பிள்ளைகளோடு கார் படம் விளையாடினான். ஒருத்தன் கார், ஒருத்தி குழந்தை, இவன் தாய். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, வாசலில் நின்று, அசல் மாதிரியே கூப்பிட்டான். குரல் யாருடையது என்று நமக்குத் தெரியும், தாயின் குரல் பிள்ளைக்கு வராமல் எங்கே போகும். தையல்காரர் எழுந்து வந்து பளாரென்று ஒன்று வைத்தார். அவர் அவனை அடித்தது அந்த ஒரு தடவைதான். எதற்கு அடி வாங்கினோம் என்று அவனுக்குப் பெரியவனான பிறகும் புரியவில்லை, இவர்களும் சொல்லவில்லை.

பிறகு டிவி வந்தது. விடுமுறை நாளென்றால் கார் படம்தான். ஒரு வீட்டில் கூப்பிட்டு முடிவதற்குள் அடுத்த வீட்டில் கூப்பிடும், அது முடிவதற்குள் எதிர் வீட்டில். அவளுடைய குரலே தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் வீடு வீடாகத் தேடிக்கொண்டு போகும். அழுகாச்சி காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இந்தச் சிரிப்பு நடிகர்கள் வேறு, கட்டை மீசையை வைத்துக்கொண்டு அந்தக் கூப்பாட்டைக் கூப்பிட்டுக் கைதட்டல் வாங்கினார்கள். செல்போன் வந்த பிறகு ஒருநாள் பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது யாரோ ஒருவனின் சட்டைப் பையிலிருந்து அவளே கூப்பிட்டாள். அவன் எடுத்து, "சொல்லு மாப்ள" என்றான். பஸ்ஸில் ஏறாமல் வீட்டுக்கு நடந்தே வந்தாள்.

தொழிலை அவள் எப்போதோ விட்டிருந்தாள். அந்தக் கூப்பாட்டுக்குப் பிறகு எந்த அழுகையும் சரியாக வரவில்லை, வந்ததெல்லாம் வெறும் சத்தம். அவரோடு உட்கார்ந்து பித்தான் தைத்தாள், ஓரம் அடித்தாள். ஒரே ஒரு எண்ணம் மட்டும் விடாமல் இருந்தது. அந்தப் பெயரை எப்படியாவது அந்தப் படத்திலிருந்து எடுத்துவிட வேண்டும். எடுத்தால்தான் குழந்தை போகும். இது நடக்கிற காரியமில்லை என்றும் அவளுக்குத் தெரியும். தெரிந்தும், பித்தான் தைக்கும்போதெல்லாம் உதட்டுக்குப் பொருந்துகிற வேறு சொல் ஒன்றைத் தேடிக்கொண்டே இருந்தாள். தேடிக் கண்டும் பிடித்துவிட்டாள். அதை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்ததில்லை.

மகன் கல்யாணமாகி வேறு வீட்டுக்குப் போய், இவர்கள் இரண்டு பேரும் தலை நரைத்துக் கிடந்த காலத்தில் ஒரு போன் வந்தது. கார் படத்தைப் புதுசாக்கி மறுபடி வெளியிடப் போகிறார்களாம். பேசியவர் ஒலிப்பதிவாளர்.

"படம் நல்லா இருக்கும்மா. சத்தம்தான் சில இடத்துல பூஞ்சை புடிச்சுப் போச்சு. மத்ததெல்லாம் எப்படியோ தேத்திட்டோம். அந்தக் கூப்பிடுற எடம் மட்டும் கொரகொரன்னு தகரத்தைத் தேய்க்கிற மாதிரி இருக்கு. டிவியில ஓடுற காப்பியும் தேஞ்சு போனதுதான், தியேட்டருக்குத் தாங்காது. அது உங்க குரல்னு பேட்டியில படிச்சேன். நீங்களே வந்து ஒரு தடவ போட்டுக் குடுத்துட்டீங்கன்னா புண்ணியமாப் போகும்."

தேன் குரல்காரி, சாகிற காலத்தில் ஏதோ ஒரு பேட்டியில் உண்மையைச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அவளை இனி யாரும் குறை சொல்லக் கூடாது.

போனை வைத்துவிட்டு அழுகாச்சி முன்னறைக்கு வந்தாள். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"அந்தப் படத்துக்குத் திரும்பப் பேசக் கூப்பிடுறாங்க. அந்த ஒரு எடத்துக்கு மட்டும்."

மிஷின் ஓடியது.

"நான் மாத்திடுறேங்க. அந்தப் பேரை எடுத்துடுறேன்."

மிஷின் நின்றது. அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துணியில் துடைத்தார், மாட்டிக்கொண்டார், மறுபடி கழற்றினார்.

"முடியுமா?"

"முடியும்."

"அப்ப அது போயிடுமா?"

அவரும் இத்தனை காலமாக அந்த வாசற்படியைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"போயிடும்ங்க" என்றாள்.

"ம்" என்றார்.

புது ஸ்டுடியோவில் லூப் கிடையாது. எல்லாம் கம்ப்யூட்டர். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தயாராக இருந்தார். அவள் வளையலைக் கழற்றி வைத்தாள், செருப்பை வெளியே விட்டாள். நாற்காலி போட்டிருந்தார்கள், வேண்டாம் என்று நின்றாள். கார் வந்தது. தாய் வாசலில் நின்றாள். கொஞ்சமும் வயசாகாமல் அப்படியே நின்றாள், பாவி. கார் கிளம்பியது. உதடு ஒட்டியது, குவிந்தது, அழுத்தமாக ஒட்டியது, தலை குனிந்தது.

"போம்மா."

கத்தவில்லை. பள்ளிக்கூட வாசலில் தயங்கி நிற்கிற பிள்ளையை உள்ளே போகச் சொல்கிற மாதிரிதான் வந்தது. உதட்டில் நூல் பிசகாமல் உட்கார்ந்தது. திரையில் குழந்தை திரும்பிப் பார்த்தது, கார் முனையில் மறைந்தது.

ஒலிப்பதிவாளர் கதவைத் திறந்துகொண்டு வந்தார். "அம்மா, அது பொம்மு இல்ல?"

"போம்மாதான் தம்பி. அன்னைக்கும் போம்மான்னுதான் சொன்னேன். ரெக்கார்டிங் சரியில்ல, நீங்கள்லாம் பொம்முன்னு கேட்டுக்கிட்டீங்க."

அவள் வாழ்க்கையில் சொன்ன பெரிய பொய் இதுதான். கூசாமல் சொன்னாள். அவர் உள்ளே ஓடிப்போய் பூஞ்சை பிடித்த பழைய சத்தத்தைப் போட்டுப் போட்டுக் கேட்டார். கொரகொரப்புக்கு நடுவில் பொம்மூ என்று நினைத்துக் கேட்டால் பொம்மூ, போம்மா என்று நினைத்துக் கேட்டால் போம்மா.

"அடக்கடவுளே. ஊரே இத்தனை வருஷம் தப்பாவா கூப்பிட்டுக்கிட்டு இருந்துச்சு?"

"ஆமா தம்பி, அதான் நானும் பாத்தேன்" என்று சொல்லிவிட்டு அவள் வளையலை மாட்டிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து வாசற்படி ஏறும்போது ஒரு கணம் நின்றாள். ஒன்றும் இல்லை. நிஜமாகவே ஒன்றும் இல்லை. முதுகுக்குப் பின்னால் வெறும் தெரு, சைக்கிள்கள், யாரோ பேசுகிற சத்தம். அடுத்த நாளும் இல்லை, அதற்கடுத்த நாளும் இல்லை. விடுமுறை நாளில் அடுத்த வீட்டு டிவியில் பழைய கூப்பாடு வந்தபோதும் அவளுக்கு அது போம்மா என்றே கேட்டது. இதற்குத்தானே காத்திருந்தோம், நிம்மதியாக இருக்க வேண்டியதுதானே என்று நினைத்துக்கொண்டாள். நிம்மதியாக இல்லை. வீடு பெரிசாகிவிட்ட மாதிரி இருந்தது. துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போனால் வாசற்படியை மட்டும் விட்டுவிட்டுப் பெருக்கினாள், அந்த இடத்தை மிதிக்க முடியவில்லை. பயமாக இருந்த காலத்தில் பயத்துக்காவது ஒரு குழந்தை இருந்தது. இப்போது அதையும் தன் வாயாலேயே போகச் சொல்லிவிட்டோமே என்று இருந்தது. தையல்காரர் மிஷினை விட்டு எழுந்து அடிக்கடி வாசலுக்குப் போய் நின்றார். "யாராவது வந்தாங்களா?" என்று கேட்டால், "யார் வரப்போறா" என்பார்.

படம் வெளிவந்த அன்றைக்கு இரண்டு டிக்கெட் வீட்டுக்கே கொடுத்தனுப்பியிருந்தார்கள். அவர் வரமாட்டார் என்று நினைத்தாள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு முன்னால் போய் நின்றார்.

"அந்தப் பேர்தான் இல்லையே. இனிமே பாக்கறதுக்கு என்ன" என்றார்.

தியேட்டர் நிறைந்திருந்தது. இவர்கள் வயசுக்காரர்கள் பாதி, அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பாதி. பொம்மு என்று செல்லமாக வளர்ந்த பெண்களே நரைத்துப்போய், தங்கள் பெண்களோடு வந்திருந்தார்கள். சாவுக்கு வந்தவர்கள் மாதிரி இல்லை, கல்யாணத்துக்கு வந்தவர்கள் மாதிரி இருந்தார்கள். வசனத்தையெல்லாம் நடிகர்களுக்கு முன்னால் இவர்களே சொன்னார்கள், சிரித்தார்கள். கார் வாசலுக்கு வந்ததும் அத்தனை பேரும் ஒரே அடியாக அடங்கிப் போனார்கள். அழுகாச்சி நிமிர்ந்து உட்கார்ந்தாள். இதோ, இப்போது வரும், எல்லாரும் கேட்பார்கள், இதோடு முடிந்துவிடும் என்று திரையையே பார்த்தாள். கார் கிளம்பியது. தாயின் உதடு ஒட்டியது.

"பொம்மூ" என்று தியேட்டர் கூப்பிட்டது.

யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கிழவர்கள் கூப்பிட்டார்கள், பெண்கள் கூப்பிட்டார்கள், படத்தை முதல் தடவையாகப் பார்க்கிற குழந்தைகளும் கூடச் சேர்ந்து கூப்பிட்டார்கள். கேலியாக இல்லை. எல்லாரும் யாரையோ நினைத்துக்கொண்டு, நிஜமாகவே கூப்பிட்டார்கள். அவள் போட்டுவைத்த 'போம்மா' அதற்கு அடியில் எங்கோ அகப்பட்டு நசுங்கிப்போனது, அவளுக்கே அது கேட்கவில்லை. அத்தனை குரலும் அந்த உதட்டில் அச்சுக் குத்தின மாதிரி போய் உட்கார்ந்தன. திரையில் குழந்தை திரும்பிப் பார்த்தது.

கார் முனையில் மறைந்த பிறகு, கூட்டம் அடங்கிய பிறகு, ஒரே ஒரு குரல் மட்டும் தனியாக வந்தது. லேட் என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது, தொழில் புத்தி எங்கே போகும். உதடு எப்போதோ மூடியாகிவிட்டது, தலையும் குனிந்தாகிவிட்டது, இதை வைத்துக்கொள்ள முடியாது, திரும்ப எடுக்க வேண்டும் என்று நினைத்தாள். குரல் உடைந்து, பழக்கமில்லாமல், எழுத்துக் கூட்டிப் படிக்கிற மாதிரி வந்தது. அது பக்கத்து நாற்காலியிலிருந்து வருகிறது என்பது அதற்கப்புறம்தான் புரிந்தது.

தையல்காரர் முன்நாற்காலியின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். திரையில் வேறு காட்சி வந்துவிட்டது. பின்னால் யாரோ உட்காரச் சொன்னார்கள், அவர் காதில் விழவில்லை. பொம்மு, என்றார். கொஞ்சம் பொறுத்து, பொம்மு, என்றார். கத்தரிக்கோலை எடுத்துக் கொடுக்கக் கூப்பிடுகிறாரா, சாப்பிடக் கூப்பிடுகிறாரா, சும்மாதான் கூப்பிடுகிறாரா என்று தெரியவில்லை. போதும் என்று அவர் கையைப் பிடித்து உட்கார வைக்க அவளுக்கு மனசு வரவில்லை.